கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவ?

எங்கட ஊரில் பாரிசவாதம் என்றால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். எண்ணெய் போட்டு உருவினால் சரி, படுத்தெழும்பினால் சரி எண்டுவினம்.

மத்தியான நித்திரையால் எழும்பிய அம்மம்மாவுக்கு வாய் கோணி, இடக்கை தூக்க ஏலாமல், கதை குழறியது. நாங்கள் 1990க்கு அடிச்சோம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவ?”

வீட்டின் கடைக்குட்டிதான் பதில் சொன்னாள்: “ஒண்டரைக்கு என்னை ரிவி நிப்பாட்டச் சொன்னவ.”

மூளைக்குப் போகும் குழாயை இரத்தக்கட்டி அடைத்தால், கரைக்கும் மருந்தை வழமையாக 4.5 மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். கணக்கு, நாங்கள் கண்ட நேரத்திலிருந்து அல்ல. அவர் கடைசியாக நல்லா இருந்த நேரத்திலிருந்து. அதற்கு முதல் சிடி ஸ்கேன் கட்டாயம். இரத்தக்கசிவு என்றால் அதே மருந்து ஆளையே கொல்லலாம். பெரிய குழாய் அடைப்பென்றால், வசதியுள்ள இடங்களில் தொடைவழியே மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பார்கள்.

அம்மம்மா இப்ப பொல்லோட நடக்கிறா. இடக்கை முழுசா வரேல்ல.

வாய் கோணுதா, கை விழுதா, பேச்சு குழறுதா? மணியைக் குறியுங்கோ. வாயால ஒண்டும் குடுக்காதேங்கோ. உடனே அம்புலன்ஸ் எடுங்கோ. அறிகுறி தானாகவே மாறினாலும் போங்கோ.