இருபதில் முக்கால்

பிரிக்பீல்ட்ஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தைக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவீர்கள். சனிக்கிழமை உங்கள் வீட்டில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். ஸ்காட் ரோட்டு அறையில், கீழே சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையை எடுக்காதீர்கள்.

ஆடிட் வேலையை விட்டுவிட்டுக் கணக்கு டீச்சராகப் போகலாமா என்று நான்கு மாதமாக யோசிக்கிறேன். உங்கள் பதில் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "நம்ம வீட்ல இது என்னோட போதும்" என்றீர்கள். பாடம் நடத்தியதைவிட பாரம் நிரப்பியதும் கணினியில் மார்க் ஏற்றியதும்தான் அதிகம் என்று அன்று இரவெல்லாம் சொன்னீர்கள். மறக்கவில்லை. இருந்தாலும் போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை டியூசன் எடுக்கிறேன் அல்லவா, அங்கே காப்பாரிலிருந்து ஒரு பையன் வருகிறான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இந்த வருடம்தான் படிவம் ஒன்று. பள்ளிச் சோதனைத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தான். எல்லாம் சிவப்பு. ஒரு கேள்வியில் '20 கோலியில் முக்கால் பங்கு எத்தனை' என்று மலாயில் கேட்டிருந்தார்கள்: '3/4 டாரிபாடா 20'. இவன் எழுதிய விடை பத்தொன்பதேகால்.

கோலியைக் கால் கால் துண்டாக எப்படி உடைத்தான் என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வழிமுறையைப் பார்த்தேன். இருபதிலிருந்து முக்காலைக் கழித்திருக்கிறான். 'தோலாக் 5 டாரிபாடா 20' என்றால் இருபதிலிருந்து ஐந்தைக் கழி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே 'டாரிபாடா' இங்கேயும் வந்ததால் இங்கேயும் கழித்துவிட்டான். கழித்தலில் ஒரு பிசகு கிடையாது. "இருபதுல முக்கால் எவ்வளவுடா?" என்று தமிழில் கேட்டேன். "பதினஞ்சு டீச்சர்," என்றான், நான் கேட்டு முடிப்பதற்குள்.

அவனுக்குக் கணக்கு வராது என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்களாம்.

அன்று பாடத்தை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மலாயில் 'பெச்சா' என்றால் உடைவது, பின்னத்தைக் குறிக்கும் 'பெச்சாஹான்' அதிலிருந்து வந்ததுதான். கோயிலில் சிலை பின்னமாகிவிட்டது என்கிறோமே, அந்தப் பின்னமும் உடைந்ததுதான். ஆங்கிலத்து 'ஃப்ராக்‌ஷ'னுக்கும் லத்தீனில் உடைப்பதுதான் வேர். மூன்று மொழிக்காரர்களும் ஒரே பானையைத்தான் உடைத்திருக்கிறார்கள் என்றேன். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு நிமிடம் பேசவே இல்லை. எனக்குச் சம்பளம் ஏறிய நாளில்கூட அப்படி இருந்ததில்லை, அத்தை.

இதை உங்களுக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2003-இல் நான் ஒன்றாம் ஆண்டு. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்ன முதல் வருடம் அது. அதுவரை தமிழிலேயே நடத்தி வந்த உங்கள் கையில் ஒரு மடிக்கணினியைக் கொடுத்தார்கள். இரவில் சட்டியைக் கிளறிக்கொண்டே 'நியூமரேட்டர், டினாமினேட்டர்' என்று முணுமுணுப்பீர்கள். நான் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2009 ஜூலையில், நான் படிவம் ஒன்றில் இருந்தபோது, அந்தத் திட்டத்தைக் கைவிடப் போவதாக அறிவித்தார்கள். நீங்கள் ஒன்றும் பேசாமல் அலமாரி மேலிருந்து தொகுதி, பகுதி என்று எழுதிய பழைய அட்டைகளை இறக்கித் தூசி தட்டினீர்கள். இன்றைக்கும் எனக்கு மனக்கணக்கு ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. வெள்ளியை எண்ணும்போது மட்டும் தமிழ்.

இப்போது உள்ள பிள்ளைகளுக்கு ஆறு வருடம் தமிழ், ஏழாவது வருடம் மலாய். டிஎல்பி என்ற இருமொழித் திட்டம் உள்ள பள்ளியாக இருந்தால் ஆங்கிலம். இடையில் வரும் அந்த ஒரு ஆண்டிறுதி விடுமுறைக்குள் எத்தனை பேர் 'கணக்கு வராத' பிள்ளைகளாகிவிடுகிறார்களோ. மலாயில் நடத்தும் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் 'பகுதி' என்ற சொல் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதனால் தமிழ்ப்பள்ளிக்குப் போவதைவிட இடைநிலைப்பள்ளிக்குப் போகவே மனம் இழுக்கிறது. இதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும் என்பதும் தெரியும்.

தடைகளையும் சொல்லிவிடுகிறேன். கல்வியியல் டிப்ளோமா முடிக்க வேண்டும். அப்புறம் கல்விச் சேவை ஆணையத்தின் நேர்காணல். போஸ்டிங் சபாவோ சரவாக்கோ, எங்கே போடுவார்கள் என்று சொல்ல முடியாது. காப்பார் பையனுக்காகப் புறப்பட்டவள் கடல் தாண்டிப் போய் நிற்கலாம். கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு குறையும் (அம்மாவிடம் இதைப் பின்னத்தில் சொல்லவில்லை). அம்மா இன்னும் "பென்ஷன் இருக்குல்ல" என்கிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அது இல்லை, இபிஎஃப் சேமநிதிதான் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

இதையெல்லாம்விட ஒரு பயம் பெரிதாக இருக்கிறது. சனிக்கிழமை வரும் பன்னிரண்டு பேரும் தாங்களாக வருகிறவர்கள். திங்கட்கிழமை காலை நாற்பது பேர், அதில் பாதித் தூக்கம், ஒரு பக்கம் சண்டை என்று இருக்கும்போதும் எனக்கு இந்தப் பானைக் கதை நினைவுக்கு வருமா? நீங்கள் எத்தனையாவது வருடத்தில் அலுத்துப் போனீர்கள்? நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

டிப்ளோமா விண்ணப்பம் பாதி நிரப்பியபடி கணினியில் கிடக்கிறது. அதைப் பற்றி நிதானமாகவே சொல்லுங்கள். எனக்கு அவசரமாக வேண்டியது வேறு. நேற்று அந்தப் பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், தமிழ்லயும் 'இருபதுல அஞ்சு போனா'ன்னுதானே கழிக்கிறோம்? 'இருபதுல முக்கால்'னு சொல்லும்போது மட்டும் ஏன் கழிக்கல?" என்றான். நானும் யோசித்தேன், பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன்.

அலமாரி மேல் அந்த அட்டைகள் இன்னும் இருக்கின்றனவா? சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. எட்டரைக்கு உங்கள் வீட்டில் இருப்பேன். இதை நீங்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்