நிலுவையில் நிற்கும் பிள்ளைகள்

‘அரியர்’ என்னும் சொல் நம் இல்லங்களில் இரு பொருளில் வழங்குகிறது. அரசுப் பணியிலிருக்கும் தந்தைக்கு அது வரவேண்டிய பணம். நிலுவை ஊதியம் வந்த நாளில் வீட்டுக்கு இனிப்பு வரும். அதே வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் மகனுக்கோ அது தேறாமல் நிற்கும் தாள். அதைப்பற்றி அவன் வாய் திறப்பதில்லை. தந்தையின் நிலுவையை ஊரே அறியும். மகனின் நிலுவையை அவனும் அவன் நண்பனும் மட்டுமே அறிவர்.

வீடு மந்திரிக்கச் செல்லும்போது பங்குத்தந்தையர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “தம்பி படிப்பை முடித்துவிட்டாரா?” என்பது. “முடிச்சிட்டான் சாமி” என்று தாய் முந்திக்கொள்வார். அவனோ தரையைப் பார்ப்பான். மூன்றாண்டுகள் முடிந்தது உண்மை. பட்டம் முடியவில்லை என்பதும் உண்மை. முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களில் தேறி, ஒன்றிலோ இரண்டிலோ தவறியவனுக்கு எம்.ஏ. இல்லை, பி.எட். இல்லை, பட்டதாரிகளுக்கான போட்டித் தேர்வும் இல்லை. ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவில் நின்றவன் மெல்லக் கடைசி வரிசைக்கு நகர்கிறான்; பின்னர் வருவதையே நிறுத்திவிடுகிறான். அவனுக்கு விசுவாசம் குறைந்ததென்று நாம் பேசிக்கொள்கிறோம். ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்போரைச் சந்திக்க அஞ்சியே அவன் விலகினான் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

சேலம் நகரில் அரசுக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஆயினும் இச்சமவெளியின் சிற்றூர்களுக்குப் பட்டப்படிப்பு எட்டும் தொலைவில் வந்தது நேற்றுத்தான் என்று சொல்லலாம். நாமக்கல் தனி மாவட்டமானதும் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் 1997ஆம் ஆண்டில். இன்று நம் பங்குகளில் கல்லூரி மாணவர் இல்லாத அன்பியம் அரிது. அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன், கல்லூரியில் பொருளியலையும் கணக்கியலையும் ஆங்கிலத்தில் எழுதுகிறான். மாலையில் விசைத்தறி ஓட்டுகிறான், அல்லது செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் அமர்கிறான். விடுமுறையென்றால் சேகோ ஆலையில் கூலி காத்திருக்கிறது. முதற்பருவத்தில் தவறிய ஆங்கிலத் தாளோடு இரண்டாம் பருவத்தில் துணைப்பாடக் கணிதமும் சேர்கிறது. பருவத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை வருகின்றன. அவை இரண்டுக்கும் நடுவே தவறிய தாளைக் கற்பிப்பார் எவருமில்லை. விளங்காத பாடத்தை விளங்காமலே மீண்டும் எழுதுகிறான். கட்டணம் கட்டி, மீண்டும் தவறுகிறான்.

இதற்கு ஒரு குறுக்குவழியையும் நம் மாநிலம் கண்டது. 2020 ஆகஸ்டில், கொள்ளைநோய்க் காலத்தில், இறுதிப் பருவம் நீங்கலான நிலுவைத் தாள்களுக்குக் கட்டணம் செலுத்திய மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்தது. அன்றைய முதல்வர் நம் எடப்பாடியைச் சேர்ந்தவர். மாணவர் அவரை வாழ்த்திச் சுவரொட்டிகள் ஒட்டினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க இயலாதென 2021 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. நோயின் அச்சத்தில் பிறந்த அறிவிப்பைக் குறைகூற நான் முனையவில்லை. ஆனால் அந்நாளைய ஆரவாரம் ஓர் உண்மையைக் காட்டிற்று: நம் பிள்ளைகள் பாரம் இறங்காதா என்று அவ்வளவு ஏங்கியிருந்தார்கள்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன அத்திமர உவமையை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். மூன்று ஆண்டு என்னும் கணக்கு நம் பட்டப்படிப்போடு ஒத்துப்போவது தற்செயலே. அத்தொழிலாளர் கேட்ட முறைதான் கவனிக்கத்தக்கது. கனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர் வாதாடவில்லை. ‘ஓராண்டு சும்மா விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் கேட்கவும் இல்லை. சுற்றிலும் கொத்தி எருவிடும் வேலையைத் தம் கைகளுக்கே எடுத்துக்கொள்கிறார். தேர்வின்றித் தேர்ச்சி என்பது கனியைக் கேளாமல் விடுவது. அடுத்த தேர்வுவரை காத்திரு என்பது எருவிடாமல் நாளைக் கடத்துவது. இரக்கம் இவ்விரண்டுக்கும் அப்பால், மண்வெட்டியோடு நிற்கிறது.

அந்த மண்வெட்டி வேலைக்கு மார்கழி விடுமுறை ஏற்ற காலம். அமெரிக்காவில் பிரஸ்பிட்டேரியன் சபையினர் தொடங்கிய புளோரிடா கல்லூரி ஒன்று 1960இல் இரு பருவங்களுக்கு இடையே குளிர்காலக் குறும்பருவம் ஒன்றைச் சேர்த்தது. அப்போது ஒரே பாடத்தை மட்டும் எடுத்து நாள்தோறும் படிப்பர். பின்னர் பல கல்லூரிகள் அதைப் பின்பற்றின. பின்தங்கியோர் உரிய காலத்தில் பட்டம் பெற அத்தகைய குறும்பருவங்கள் இன்று துணைநிற்கின்றன. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, கோடை விடுமுறையில் நிலுவைப் பாடங்களை விரைவுமுறையில் நடத்தக் கல்லூரிகளுக்கு இடமளிக்கிறது. கோடைக்குப் பொருந்துவது மார்கழிக்குப் பொருந்தாதா? ஒரு மதிப்பலகுக்கு 15 மணி நேர வகுப்பு என்பது கணக்கு. மூன்று மதிப்பலகுப் பாடத்திற்கு 45 மணி. நாளுக்கு மூன்று மணி வீதம் பதினைந்து நாட்கள். வாரம் ஐந்து நாளென்றால் மூன்றே வாரங்கள். திருவருகைக்காலத்தை விடவும் குறுகியது. முடிவுகள் வெளியாகக் காத்திருக்கவும் தேவையில்லை. எந்தத் தாளில் கை நின்றுபோனது என்பதை எழுதியவனே அறிவான்.

தேர்வைத் தாமே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகள் அம்மூன்று வாரத்தின் முடிவிலேயே தேர்வும் வைக்க வழிகாணலாம். மற்றக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆயினும் கற்பிப்பதற்கு எந்த ஆணையும் தடையில்லை. பங்குகளும் இதைச் செய்யலாம். எங்கள் பங்கு மண்டபத்தில் கடந்த இரு மார்கழிகளில் சிறிய அளவில் முயன்றோம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், இந்து சமயத்தவர், ஊதியம் வாங்காமல் வந்தார். கூலியை இழந்து எவனும் வரமாட்டான் என்பதால் மாலை ஆறு முதல் ஒன்பதுவரை வகுப்பு. ‘அரியர் வகுப்பு’ என்று பெயரிட்டால் ஒருவரும் வரமாட்டார் என்று இளையோர் சொன்னார்கள். ‘கணித வகுப்பு’ என்றே அறிவித்தோம். வந்தவர் சிலரே, வந்தவர் அனைவரும் தேறவும் இல்லை. ஆனால் முதல் வாரத்தில் ஆசிரியர் கண்டறிந்தது எங்களைச் சிந்திக்க வைத்தது: அவர்கள் தடுக்கி நின்ற இடம் கல்லூரிக் கணிதம் அன்று, ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதம். நான்கு நாள் அதை நடத்தியபின் மற்றது விளங்கிற்று. ‘எனக்கு அறிவில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தவர்களுக்கு, தம்மிடம் இல்லாதது நான்கு நாள் பாடம் மட்டுமே எனத் தெரியவந்தது.

வறியோரையும் குடும்பத்தின் துணையற்றோரையும் கல்விப் பணியில் சிறப்பாகக் கருதுமாறு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை நம்மைப் பணிக்கிறது. நம் மறைமாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எத்தனையோ பேர் உள்ளனர். டிசம்பரில் நம் மண்டபங்களில் குடில் அமைக்கவும் பாடல் பயிலவும் விளக்கெரிகிறது. அருகில் ஒரு கரும்பலகைக்கும் இடமுண்டு. பெற்றோரே, ‘எத்தனை அரியர்?’ என்று உங்கள் பிள்ளையை அதட்டிக் கேளாதீர்கள். ‘எந்தப் பாடம் விளங்கவில்லை?’ என்று கேளுங்கள். அதற்கு அவன் விடை சொல்வான். அவ்விடையோடு அவனை யாரிடம் அனுப்புவது என்பதற்கு விடை காண்பது பங்குச் சமூகத்தின் வேலை.