கோடியக்கரைக்குப் போவோமா?

கீழ்வேளூர்வாசிகளான எங்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிதான். இந்தத் தை மாதம் குழந்தைகளுக்காக இன்னும் தெற்கே, கோடியக்கரை வரை போய் வந்தோம். நாகையிலும் வேதாரண்யத்திலும் பஸ் மாற வேண்டும். "மிருகக்காட்சி சாலையில பார்க்காத மானா?" என்று மாமியார் கேட்டார்கள். கூண்டில்லாத மான் வேறு அல்லவா?

வெளிமான்களைக் காப்பதற்காகவே 1967-ல் இந்தச் சரணாலயம் அமைந்தது. முறுக்கிய கொம்புடன் கறுப்பாக நிற்பது ஆண். பழுப்பு நிறத்தில், கொம்பில்லாதது பெண். பெயருக்கேற்ப இவற்றுக்கு வெட்டவெளியான புல்தரை வேண்டும். தூரத்திலிருந்தே ஆபத்தைப் பார்த்துவிட்டால், ஓட்டத்தில் இவற்றை மிஞ்சுவது கடினம். ஒரு காலத்தில் வளர்ப்புக் குதிரைகளாக இருந்தவற்றின் வாரிசுகளும் இங்கே சுதந்திரமாகத் திரிகின்றன.

சதுப்பு நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடுவது தனி அழகு. அவை தின்னும் பாசியும் சிறு இறாலும்தான் அந்த ரோஜா நிறத்தைத் தருகின்றன. குஞ்சுக்குத் தொண்டையில் ஊறும் பால் போன்ற ஒன்றைத் தாய் மட்டுமல்ல, தகப்பனும் ஊட்டுமாம். "கேட்டீங்களா?" என்று என்னவரைப் பார்த்தேன். காது கேளாதவர் போல் நடந்துவிட்டார்! உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளான்கூடத் தொலைதூர வடதுருவப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது.

2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலில் இங்கே மரங்கள் சாய்ந்தன, மான்களும் மாண்டன. புயல் ஒரு நாளில் செய்ததைச் சீமைக் கருவேலம் ஓசையில்லாமல் செய்கிறது. அதன் காய்களைத் தின்னும் மாடும் குதிரையும் விதையைப் பரப்ப, புல்தரை முள்காடாகிறது. வெளி போய்விட்டால் வெளிமான் எங்கே போகும்?

நீங்களும் போகிறீர்களா? மார்கழி, தை மாதங்கள் நல்லது. காலையிலேயே போய்விடுங்கள். பளிச்சென்ற புடவை வேண்டாம். குடிநீரும் குழந்தைகளுக்குத் தொப்பியும் அவசியம். குரங்குகள் உண்டு, புளிச்சாதப் பொட்டலத்தை அவற்றின் எதிரில் பிரிக்காதீர்கள், பாவமென்று ஒரு பிடி போடவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையை மான் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. கொண்டு போன பையைக் கையோடு திரும்பக் கொண்டு வாருங்கள். குழந்தைகளுக்கு நாம் சொல்லித் தரும் முதல் பாடம் அதுவாக இருக்கட்டும்.