உம்மாவின் நாற்பத்தாறாவது வயது

மகள் வயதுக்கு வந்தால் எங்கள் ஊரில் வீடே அறியும். சாச்சிமார் வருவார்கள், முட்டையும் நல்லெண்ணெயும் வரும், என்ன சாப்பிட வேண்டும், எப்படித் துப்புரவாக இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். ஆனால் அதே மாதச் சக்கரம் ஒரு பெண்ணை விட்டுப் போகத் தொடங்கும்போது யாரும் வருவதில்லை. அவள் தனியாகவே அதைக் கடக்கிறாள். கடந்த வருடம் என் உம்மா அப்படித்தான் கடக்கப் பார்த்தார்.

உம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. வஹகோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். பெருநாள் வந்தால் இரவு இரண்டு மணிவரை தைத்துவிட்டு, ஸுபஹுக்கு எங்களை எழுப்புகிறவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் நடுச்சாமத்தில் வியர்த்து நனைந்து எழுந்து உட்காரத் தொடங்கினார். காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. சின்ன விடயத்துக்கும் அழுகை வந்தது. மாதவிடாய் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று நாள் அளவுக்கு மீறிப் போனது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. தைக்க வந்த துணிகள் அப்படியே குவிந்து கிடந்தன.

அக்கம்பக்கத்தில் கண்ணூறு என்றார்கள். தண்ணீர் ஓதிக் குடிக்கச் சொன்னார்கள். உம்மா ஓதியும் குடித்தார். மருந்தெடுக்கப் போன ஓர் இடத்தில், “வயசு போனா இப்படித்தான்” என்று சொல்லி விற்றமின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு உம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வழி காட்டியவர் எங்கள் பகுதிக்கான குடும்பநல மாது. சாச்சியின் குழந்தையைப் பார்க்க வந்தவர், உம்மாவின் வெளிறிய முகத்தைப் பார்த்து விசாரித்தார். “தாத்தா, இதுக்கும் மருந்து இருக்கு. க்ளினிக்குக்கு வாங்க” என்றார். சுகவனிதையர் க்ளினிக் என்ற பெயரை எங்கள் வீடு அன்றுதான் கேட்டது. 1996 முதல் இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்கள் ஊடாக இது இலவசமாக நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் பரிசோதிக்கிறார்கள். பெண்களுக்கென்றே உள்ள இடம் என்பதால் உம்மாவின் கூச்சமும் பாதி குறைந்தது.

அங்கிருந்து பெண்நோயியல் விசேட வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரத்தப் பரிசோதனை, தைரொயிட் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இரத்தச்சோகை இருப்பது தெரிந்தது. மற்றவை நல்லபடி இருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

வைத்தியர் உம்மாவுக்கு விளக்கியதை, உயிரியல் படிக்கும் மாணவியாக நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். சூலகத்தில் சூல்கள் குறையக் குறைய ஈஸ்ட்ரஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் இறங்கும். மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் அந்த ஏற்ற இறக்கத்தில் குழம்பி, சிறு சூட்டையும் பெரிய சூடாக எடுத்துக்கொள்கிறது. அதுதான் வியர்வை. தூக்கம் கெட, கோபமும் மறதியும் கூடுகின்றன. பொதுவாக நாற்பதுகளின் நடுவில் தொடங்கும் இந்நிலை சில வருடங்கள் நீடிக்கலாம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் அது முற்றாக நின்றதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

ஹோர்மோன் சிகிச்சை என்றதும் உம்மா பயந்தார். புற்றுநோய் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று மார்புப் புற்றுநோயும் இரத்தக் கட்டியும் சற்றுக் கூடுவதாகச் சொன்னது. உலகம் முழுவதும் பெண்கள் அந்த மருந்தைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் குறைந்த, வேறு ஆபத்துகள் இல்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் தீமையை விட நன்மையே அதிகம் என்று பிறகு தெளிவானது. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டறிந்த பிறகே வைத்தியர் மருந்து எழுதினார். இரும்புச்சத்துக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கச் சொன்னார். குடித்த உடனே தேத்தண்ணீர் கூடாது, அது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்றார். எலும்புக்காக நெத்தலியும் தினமும் நடையும்.

உம்மாவின் மனதை அதிகம் அரித்தது வேறொன்று. இத்தனை நாள் இரத்தம் போகிறதே, தொழுவதா விடுவதா? நோன்பு என்னாவது? யாரிடம் கேட்பது என்ற வெட்கத்தில் தவித்துக்கொண்டிருந்தார். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா மாமியிடம் கேட்டபோது, நமது ஷாபிஈ மத்ஹபில் ஹைளின் ஆகக்கூடிய அளவு பதினைந்து நாட்கள், அதைத் தாண்டினால் இஸ்திஹாழா, அப்போது சுத்தம் செய்து ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூ எடுத்துத் தொழலாம் என்று சட்டத்தை எடுத்துச் சொன்னார். பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் ரழியல்லாஹு அன்ஹா இதே கேள்வியை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடமே நேரில் கேட்டிருக்கிறார் என்பதையும் நினைவூட்டினார். அந்த ஸஹாபிப் பெண் கேட்டதால்தான் இன்று எங்களுக்குப் பதில் இருக்கிறது. உம்மா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்று மாதத்தில் உம்மாவின் முகத்தில் இரத்தம் ஓடியது. வியர்வை இன்னும் இடைக்கிடை வருகிறது. ஆனால் இப்போது என்னவென்று தெரியும், அதனால் பயமில்லை. வாப்பா ஒவ்வொரு க்ளினிக் நாளும் கடையைச் சாத்திவிட்டு உம்மாவோடு போகிறார். தம்பி தன் தட்டைத் தானே கழுவுகிறான். மெஷின் சத்தம் மறுபடி கேட்கிறது.

என் சகோதரிகளே, உங்கள் உம்மாவுக்கும் நாற்பது தாண்டியிருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தொங்கும் கலண்டரில் மாதவிடாய் நாட்களையும், தூங்காத இரவுகளையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டொக்டரிடம் வாயால் சொல்ல வெட்கப்படும் உம்மாவுக்கு அந்தக் காகிதம் பேசும். வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை: உம்மா மாறிவிட்டார் என்று தோன்றும்போது, “உடம்புக்கு என்ன?” என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஒரு குடும்பநல மாது வரவேண்டியிருந்தது.