பழைய கோ-கார்ட்டும் பெயர் இல்லாத ரிப்போர்ட்டும்

நாரணாபுரத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குப் புதிதாக வரும் தோழர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அண்ணல் படத்துக்குக் கீழே எதற்கு ஒரு ரேஸ் வண்டி? பட்டாசு ஆலைக்குப் போகும் ஓர் அம்மா இன்னும் நேராகவே கேட்டார். "ஏன் தாயி, பொறியக் கண்டாலே ஓடுற ஊருல, பொறி வைச்சு ஓடுற வண்டி எதுக்கு?"

வண்டி கோவையில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. யமஹா கேடி100 இன்ஜின். 52 மி.மீ. போர், 46 மி.மீ. ஸ்ட்ரோக், 97.6 சிசி, டூ ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் வகை. உலகம் முழுக்க பல தலைமுறை கார்ட் ஓட்டுநர்கள் பழகிய இன்ஜின் அது. எங்களிடம் வந்தபோது பத்து விநாடி இரைந்துவிட்டு அணைந்துபோகும்.

ஆனால் வண்டியை வாங்கியதற்குக் காரணம் இன்ஜின் இல்லை. எங்கள் படிப்பகத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து படித்த தங்கை ஒருத்தி இப்போது பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. கல்லூரியின் கோ-கார்ட் அணியில் சேர்ந்தாள். ஒரு வருடம் பைப் அறுத்தாள், வெல்டிங் பிசிறு தேய்த்தாள், ராத்திரி பத்து மணி வரை கிரைண்டர் பிடித்தாள். போட்டிக்கு அனுப்பிய டிசைன் ரிப்போர்ட்டில் அவள் பெயர் இல்லை. ஓட்டுநர் தேர்வுக்கும் கூப்பிடவில்லை. கார்ட்டில் ஓட்டுநரின் எடை குறைவாக இருப்பது நல்லது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்களே, 44 கிலோ இருப்பவளை விட்டுவிட்டு 71 கிலோ இருப்பவரை உட்கார வைத்தார்கள். அந்த அணியில் கிரைண்டர் பக்கம் யார் நின்றார்கள், கம்ப்யூட்டர் பக்கம் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒரு பட்டியல் போடச் சொன்னோம். போட்டாள். ஊர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ பட்டியலும் அப்படியே பிரிந்திருந்தது.

இது புதிதல்ல. சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு தரப்புக்கும் கள அனுபவம் இன்னொரு தரப்புக்கும் என்று பங்கு பிரிந்திருப்பதை 2002-லேயே கோபால் குரு கேள்விக்கு உட்படுத்தினார். பொறியியலில் இது எப்படி நடந்தது என்பதை அஜந்தா சுப்ரமணியன் 2019-ல் வந்த 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலில் காட்டுகிறார். கைவினைச் சாதிகளிடம் இருந்த தொழில்நுட்பம், காலனிய ஆட்சியில் படித்த மேல்சாதியினரின் உத்தியோகமாக மாறியது. கையும் மூளையும் தனித்தனியாக வைக்கப்பட்டன. மாணவத் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

சரி, வண்டிக்கு வருவோம்.

ஐடிஐ மோட்டார் மெக்கானிக் படிக்கும் தம்பிகள் இருவர், ஒரு பாலிடெக்னிக் தம்பி, இந்தத் தங்கை. நால்வருக்கும் நாங்கள் போட்ட ஒரே நிபந்தனை, எதைத் தொட்டாலும் தொடும் முன் நோட்டில் எழுத வேண்டும். என்ன சந்தேகம், ஏன் சந்தேகம், எப்படிச் சோதிப்போம். அதன் பிறகுதான் ஸ்பேனர்.

முதலில் பொறி. பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் வைத்து இழுத்துப் பார்த்தால் நீலமாக அடித்தது. அடுத்து பெட்ரோல். இந்த வண்டியில் இருப்பது வால்ப்ரோ டயாஃப்ரம் கார்புரேட்டர். ஆர்எக்ஸ் 100 மாதிரி மிதவைக் கிண்ணம் கிடையாது. மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்றுதான் இன்ஜின் துடிப்புக்கேற்பத் துடித்து பெட்ரோலை இழுக்கும். அந்தச் சவ்வு அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. புதுச் சவ்வு போட்டதும் வண்டி நின்று இரைந்தது. அன்று தெருவே கைதட்டியது.

மறுநாள் அடுத்த கோளாறு. ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்காமல் மேலேயே நின்றது. கார்புரேட்டரில் இரண்டு ஊசி உண்டு, குறைந்த வேகத்துக்கு எல், அதிக வேகத்துக்கு எச். எல் ஊசியைக் கொஞ்சம் திறந்து பெட்ரோலைக் கூட்டினால் சத்தம் சரியாகிவிட்டது. முடிந்தது என்றார்கள் தம்பிகள். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, பெட்ரோலைக் கூட்டி அதை மறைக்கிறோம், முழு வேகத்தில் ஓடும்போது கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்றாள். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. நாங்கள் கலப்பது 20 பங்குக்கு 1 பங்கு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றினார்கள். அழுத்தம் அதிகமானால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். சோப்புத் தண்ணீர் தடவியதும் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீலில் முட்டை முட்டையாக நுரை வந்தது. சீலை மாற்றி, எல் ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். வேகம் இறங்கியது.

எங்கள் பகுதியில் ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வரும் காரணம் 'உராய்வு'. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டிக்குப் பிறகும் எத்தனை உராய்வு. அனுமதித்ததைவிட அதிக ஆட்களை அறைக்குள் உட்கார வைத்தது யார், லைசென்ஸை உள்குத்தகைக்கு விட்டது யார் என்ற கேள்விகள் வருவதற்குள் அடுத்த விபத்து வந்துவிடும். எல் ஊசியைத் திருகுவதைப் பார்த்தபோது எங்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாவின் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். டேங்கைக் காலி செய்யாமல் வண்டி படிப்பகத்துக்குள் வராது. இன்ஜின் போடுவது ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் களத்தில், ஞாயிறு மட்டும். ஆலையிலிருந்து நேராக வருகிறவர்கள், மணி மருந்தோ அலுமினியப் பவுடரோ ஒட்டிய உடுப்போடு, அந்தப் பக்கமே வரக்கூடாது. குளித்து மாற்றிவிட்டு வரலாம். இந்த விதியை எழுதியது நாங்கள் அல்ல, மருந்து அறையில் வேலை பார்க்கும் அக்காமார். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்த வேதியியலுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

ஓடத் தொடங்கியதும் வண்டி இடப்பக்கம் அழகாகத் திரும்பியது, வலப்பக்கம் முரண்டு பிடித்தது. கார்ட்டில் டிஃபரன்ஷியல் இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து சுற்றும். அதனால் வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு மயிரிழை தூக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும். அதைத் தூக்குவது முன்சக்கரத்தின் சாய்வும் சேஸிஸின் நெளிவும். மட்டமான தரையில் முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எடைத் தராசு வைத்து, தங்கையை உட்கார வைத்துப் பார்த்தோம். இடது 29 கிலோ, வலது 20. எந்தக் காலத்திலோ இடிபட்டு சேஸிஸ் முறுகியிருக்கிறது. முன்சக்கரத் தண்டின் மேலும் கீழும் இருந்த வாஷர்களை இடம் மாற்றி மாற்றி, நான்கு ஞாயிறு போனது. 25, 24 என்று வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பியது.

மோட்டார் ரேஸ் பணக்கார விளையாட்டு என்பது உண்மைதான். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம், இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீடுவே, 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் என்று தமிழ்நாட்டுக்குப் பெரிய வரலாறு உண்டு. அதில் சேரி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து மலிவாக ரேஸ் கார் கட்டிய கரிவரதனை மட்டும் மதிப்போடு குறிப்பிட வேண்டும். கோ-கார்ட்டே 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற ரேஸ் கார் பட்டறைக்காரர், புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினை மாட்டிச் செய்த வண்டிதான். பட்டறையில் பிறந்ததற்கு டிசைன் ரிப்போர்ட் பிறகுதான் வந்தது.

எங்கள் நோட்டு 112 பக்கம் வந்திருக்கிறது. தமிழில் எழுதியதைத் தங்கையே ஆங்கிலத்தில் சுருக்கி 18 பக்கம் ஆக்கினாள். கடைசிப் பக்கத்தில் நால்வர் பெயரும், யார் எதைச் செய்தார்கள் என்பதும் இருக்கிறது. போன வாரம் அதைத் துறைத்தலைவரிடம் கொடுத்து, இரண்டு கோரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தாள். ஒன்று, இந்த ஆண்டு ரிப்போர்ட்டில் வேலை செய்த எல்லார் பெயரும் வர வேண்டும். இரண்டு, ஓட்டுநர் தேர்வு எடைத் தராசும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்து எல்லார் முன்னாலும் நடக்க வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த மனு எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு. அதையும் அவளே எழுதி வைத்திருக்கிறாள்.

இந்த ஞாயிறு எச் ஊசி வேலை. முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி, வெளுத்திருந்தால் ஊசியை இன்னும் திறக்க வேண்டும். பார்க்க வருகிற தோழர்கள் காலை 7 மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் அளவு மாறிவிடும்.