70 வளைவு, 36 கம்பி

கொல்லிமலைக்கு ஏறும் காரவள்ளி சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். ஏறும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம். இறங்கும்போது எழுபதிலிருந்து கவுன்ட் டவுன். நான் 43 வரைக்கும் எண்ணினேன். அதற்குக் கீழே எண்ணுகிற நிலைமையில் இல்லை.

காரணம், நான் வாங்கிய வண்டி. இல்லை, அப்படிச் சொன்னால் பாவம். வாங்கிய பிறகு நான் செய்யாமல் விட்ட வேலை.

தார் ரோட்டிலும் ஓடும், தார் என்றால் என்னவென்றே தெரியாத ரோட்டிலும் ஓடும் என்று ஒரு ஜாதி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. டூயல் ஸ்போர்ட் என்பார்கள். நம் ஊரில் 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ். நெட்டையான முன் சக்கரம், தரையிலிருந்து எட்டத்தில் வயிறு, ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் சீட்டு. ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் வெட்டுக்கிளி மாதிரி நிற்கும். என்னுடையது எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. தப்பு என்னுடையது என்னும்போது அதன் பெயரை எதற்கு இழுப்பானேன்?

"ஆபீஸ் போக இது எதுக்கு?" என்றாள் மனைவி. பதில் சொல்லாமல் ஜன்னலைத் திறந்து, குழாய்க்குத் தோண்டி மூடாமல் போன எங்கள் தெருவைக் காட்டினேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

டெலிவரி எடுத்த தினம் ஞாபகம் இருக்கிறதல்லவா உங்களுக்கு? மாலை, சந்தனம், ஒரு முழ நீள அட்டைச் சாவியோடு போட்டோ. இன்ஷூரன்ஸில் பெயர் ஸ்பெல்லிங் பார்த்தேன். பெட்ரோல் எவ்வளவு விட்டுத் தருகிறார்கள் என்று பார்த்தேன். சக்கரத்தின் அருகே ஒரே ஒருவர் குனிந்தார். அதுவும் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு.

முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில். மீட்டர் 310 காட்டியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைத்துனன் காலேஜ் லீவில் வீட்டிலிருந்தான். "மாமா, கொல்லிமலை?" என்றான். பத்தொன்பது வயது. மாமியாருக்கு ஒரே பையன். "பத்திரமா கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க மாப்ள" என்று அவர் வாசல் வரை வந்து சொன்னதை இப்போது நினைத்தாலும் தொண்டையில் ஏதோ செய்கிறது.

சேலத்திலிருந்து ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் காரவள்ளி அடிவாரம். அதுவரை வெயில். பத்து வளைவு ஏறியதும் மூக்கில் வேறு காற்று. முப்பது தாண்டியதும் நாமக்கல் சமவெளி கீழே பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் குரங்குகள் குடும்பத்தோடு உட்கார்ந்து போக்குவரத்தை மேற்பார்வையிடுகின்றன. 70-ஐத் தாண்டினால் சோளக்காடு. மிளகும் பலாவும் வாழையும் அன்னாசியும் மணக்கிற ஊர்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தவன் என்பார்கள். அந்த வில்லின் நாணைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. பின்னால் யோசிக்க வேண்டி வந்தது. அறப்பளீஸ்வரர் கோயில் பார்த்துவிட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறி, முழங்கால் கழன்று, சாப்பிட்டு, அதோடு ஒழுங்காக வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

"மண் ரோட்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம் மாமா. அதுக்குத்தானே இந்த வண்டி?"

ஓட்டினேன். அடேயப்பா! கல், வேர், வாய்க்கால் எல்லாவற்றையும் வண்டி விழுங்கிக்கொண்டு போனது. பின்னால் இருப்பவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். சாதாரண வண்டியாக இருந்தால் மட்கார்டு கத்தும், டூல் பாக்ஸ் அழும், நம் இடுப்பு மனுப் போடும். இதில் ஒன்றுமே தெரியவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. பள்ளத்தைத் தெரிய விடாத வண்டி, பழுதையும் தெரிய விடாது.

இறங்கும்போது 60-ம் வளைவு வாக்கில் பின்னால் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். "மாமா, ஏதோ சத்தம் வருது." "புது வண்டிடா, அப்படித்தான் இருக்கும். சர்வீஸ்ல சொல்லிக்கலாம்" என்றேன். நம் ஆபீஸ்களில் ஃபைலைத் தள்ளிவிடுவதற்குச் சொல்கிற அதே பதில்.

43-ல் எதிரே பஸ் ஏறி வந்தது. ஹாரன் கேட்டு வேகத்தைக் குறைத்தேன். அப்போது வண்டியின் பின்பக்கம் எனக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு திசையில் கிளம்பியது. 'புஸ்' என்று சத்தம். ஹேண்டில்பார் ஒரு பக்கம் போகிறது, வால் இன்னொரு பக்கம். இரண்டாவது கியரில், மெதுவாக வந்ததால் பிழைத்தோம். ரோட்டோர மண்ணில் இறங்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது வண்டி. சுவர் என் முழங்கால் உயரம். அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிகள் தெரிந்தன. உச்சிகள் மட்டும்.

பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மைத்துனன் என் சட்டையைப் பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. கடைசியில், "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம் மாமா" என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்குப் பேசவே வரவில்லை.

குனிந்து பார்த்தேன். அந்த வண்டி வாங்கி முதல் தடவையாக. பின் சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி ஒடிந்து தொங்கியது. பக்கத்துக் கம்பிகள் விரலால் தொட்டாலே ஆடின. டயரில் காற்று இல்லை. எங்களிடம் மாற்று டியூப் இல்லை, டயர் லீவர் இல்லை, பம்ப் இல்லை. இருந்தது ஒரு பாக்கெட் பிஸ்கட். அதையும் ஒரு குரங்கு வந்து வாங்கிக்கொண்டு போனது.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை இறங்கி வந்தது. டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. தார்களை ஒதுக்கி, நான்கு பேர் பிடித்து வண்டியைத் தூக்கி வைத்தோம். காசு வாங்க மறுத்துவிட்டார். காளப்பநாயக்கன்பட்டி பக்கம் ஒரு சைக்கிள் கடையில் இறக்கிவிட்டார். "மெக்கானிக் ஞாயித்துக்கெழம இருக்க மாட்டானுங்க. பெரியவர் கோட்டம் எடுக்கறதுல கில்லாடி" என்றார்.

பெரியவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி நாளாச்சுங்க வாங்கி?"

"இருபது நாள்."

"ஒருக்காவாச்சும் கம்பியத் தட்டிப் பாத்தீங்களா?"

"புது வண்டிங்களே?"

"புதுசுன்னாதானுங்க பாக்கோணும்!"

சின்ன ஸ்பானர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்ட ஆரம்பித்தார். டிங், டிங், டிங், டொக். டிங், டொக், டொக். மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னால் தட்டுவாரே, அந்த மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு. இறுக்கமாக இருக்கிற கம்பி பாடும். தளர்ந்த கம்பி இருமும். 36 கம்பியில் பதினொன்று இருமின.

பெரியவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். புதுச் சக்கரத்தில் கம்பியின் தலை நடு ஹப்பிலும், நிப்பிள் ரிம்மிலும் இன்னும் சரியாக உட்கார்ந்திருக்காது. முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் அமுங்கி உட்காரும். உட்கார்ந்ததும் கம்பி தளரும். ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்குப் போகும். அது ஒடியும். ஒடிந்ததன் முனை ரிம்முக்குள் ஏறி, ரப்பர் பட்டையைத் தாண்டி டியூபைக் குத்தும். காட்டு ரோட்டுக்கு அலாய் வீலைவிடக் கம்பி வீல் நல்லது. அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும், வெடிக்காது. ஆனால் வளைந்து கொடுக்கிற எதையும் அடிக்கடி விசாரிக்க வேண்டும்.

ஒடிந்த துண்டைக் கழற்றினார். டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினார். மீதி 35 கம்பியையும் கால் சுற்று, கால் சுற்றாக எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி முறுக்கினார். "ஒண்ணையே புடிச்சு முறுக்கினா சக்கரம் அப்பளமாட்டம் ஆயிருமுங்க." பிறகு செயினை விரலால் தூக்கிப் பார்த்து, "இதாருங்க இப்பிடி இறுக்குனது?" என்றார்.

நான்தான். தொங்குகிறதே என்று முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நானே இறுக்கியிருந்தேன். நீளமான சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின் சக்கரம் நிறைய மேலும் கீழும் போகும். நிற்கும்போது லூசாகத் தெரிகிற செயின், ஆள் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது இறுகிவிடும். சாதாரண வண்டிக் கணக்கில் இறுக்கி வைத்தால், பள்ளத்தில் அது ஓரியின் வில்லில் நாண் ஏற்றிய மாதிரி நிற்கும். செயினும் பல்சக்கரமும் தேயும், கியர் பாக்ஸ் பேரிங்கும் போகும். எவ்வளவு தொங்க வேண்டும், எப்படி நிறுத்தி அளக்க வேண்டும் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறான். அந்தப் புத்தகத்தை நான் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

மெதுவாக ஓட்டி ராத்திரி ஒன்பதுக்கு வீடு சேர்ந்தோம். மைத்துனன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் காலை எனக்குக் காபி கொடுத்தார். ஆற்றாமல்.

அதற்கப்புறம் புத்தகத்தைப் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது எனக்கு ஒரு மணி நேர வேலை. முதலில் கம்பிகளைத் தட்டுவேன். அடுத்தது நட்டு போல்ட்டு. இன்ஜினுக்கு அடியில் இருக்கிற தகடு, ஹேண்டில்பார், பின்னால் கேரியர், பல்சக்கரம், இரண்டு அச்சு எல்லாவற்றையும் ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பார்த்து, சரியான இறுக்கத்தில் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுத்துவிட்டேன். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். குனிந்தாலே தெரிந்துவிடும். கோடு போட்டது மனைவியின் நெயில் பாலிஷில். "பிங்க்ல எதுக்கு?" என்றாள். சிவப்பு தீர்ந்துபோயிருந்தது.

முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். 'டொக்' என்றால் கழுத்து பேரிங் லூஸ். வாய்க்காலில் இறங்கி வந்த அன்றைக்கு ஏர் ஃபில்டரில் கை வைத்து ஈரமா என்று பார்ப்பேன். ஆயில் கண்ணாடியில் எண்ணெய் பால் கலந்த காபி நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஸ்டார்ட் செய்து ஓட்டக் கூடாது. பிரேக், கிளட்ச் லீவர்களின் கிளாம்ப்பைக் கையால் பலமாகத் தள்ளினால் திரும்புகிற அளவுக்குத்தான் இறுக்கியிருக்கிறேன். வண்டி விழுந்தால் லீவர் திரும்பிக்கொள்ளும், ஒடியாது. விழாது என்கிறீர்களா? இந்த ஜாதி வண்டி விழும். என்னைப் போல் ஐந்தடி ஐந்தங்குலம் இருந்தால் சிக்னலில் நிற்கும்போதுகூட விழும். அதனால் மண்தரையில் படுக்க வைத்துத் தூக்கிப் பழகினேன். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து மூன்று நாள் பார்த்தார். நாலாவது நாள் இறங்கி வந்து, "கடன் கட்டலையா சார்?" என்றார்.

பைக்குள் இப்போது இரண்டு டியூப், இரண்டு லீவர், கைப் பம்ப், கம்பி முறுக்குகிற சாவி. பஞ்சர் மாற்ற வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஆயிற்று, லீவரால் புது டியூபில் நானே ஓட்டையும் போட்டேன். இப்போது நாற்பது நிமிஷம். இதில் ஐந்து நிமிஷம் திட்டுவதற்கு.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கிளம்பினேன். தனியாகத்தான். கிளம்புகிற நேரம் மைத்துனன் ஹெல்மெட்டோடு வந்து நின்றான். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார். "கம்பியெல்லாம் தட்டியாச்சா மாப்ள?" என்றார். அப்படியானால் அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான்.

காரவள்ளி அடிவாரத்தில் டீக்கடை எதிரே நிறுத்தி, ஸ்பானரை எடுத்து இன்னொரு தடவை தட்டினேன். டிங், டிங், டிங். டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழங்கு லாரி. அதன் கிளீனர் பையன் இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். என் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். ஒரு நிமிஷம் பார்த்தான். தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த டயருக்குப் போனான்.