பத்தாம் தேதியும் பத்தாவது நாளும்

இன்னிக்குக் கொஞ்சம் இலக்கணம், கொஞ்சம் கம்ப்யூட்டர். நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி, இரண்டிலும் நிபுணன் இல்லை. ஆனால் விஷயம் காசு சம்பந்தப்பட்டது. அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு :-)

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். எங்கள் பேங்க் கடன் இல்லை, வேறு ஒரு நிறுவனத்துடையது. கடிதம் தமிழில்தான் இருந்தது: "7வது தவணையை 10வது நாளுக்குள் செலுத்தவும்". கடிதத்தின் தேதி 5. பத்து நாள் எண்ணி, 15 வரை டயம் இருக்கு என்று 12ஆம் தேதி கட்டப் போயிருக்கிறார். தாமதக் கட்டணம் போட்டுவிட்டார்கள். "எழுத்துக் கூட்டிப் படிச்சுத்தானே சார் போனேன்" என்றார். அவர் படித்தது சரிதான். எழுதியதுதான் கோளாறு.

ஆங்கிலத்தில் 'செவன்த்', 'டென்த்' இரண்டுக்கும் ஒரே வால்தான். தமிழில் அப்படி இல்லையே! தவணைக்கு '7-வது', தேதிக்கு '10-ஆம்'. "பத்தாவது தேதி" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எண்ணோடு 'வது' ஒட்டும்படி எழுதிய மென்பொருளுக்கு அது இடறியிருக்கும். யாரோ 'தேதி'யை 'நாள்' ஆக்கிச் சரிசெய்திருப்பார்கள் என்பது என் ஊகம். அர்த்தமே மாறிவிட்டது.

செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மென்பொருளை மொழிமாற்றும் வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டேன். யுனிகோட் அமைப்பின் 'சிஎல்டிஆர்' என்ற தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு மொழிக்கும் இதற்கு விதி இருக்கிறதாம். ஆங்கிலத்துக்கு நான்கு வகை. மராத்திக்கும் நான்கு: பஹிலா, துஸ்ரா-திஸ்ரா, சௌதா, அப்புறம் எல்லாம் 'வா'. தமிழுக்கு ஒரே வகை. துருக்கிக்கும் ஒன்றுதான். பேச்சில் அங்கே உயிரெழுத்துக்கு ஏற்ப வால் மாறும்: மூன்றாவது 'உச்சுன்ஜு', ஆறாவது 'அல்தின்ஜி'. ஆனால் எழுதும்போது எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் போதும். தேதிக்கு அதுவும் வேண்டாம். குடியரசு அறிவித்த நாளை '29 ஏகிம் 1923' என்றே எழுதுவார்கள். மும்பை இந்தியிலும் 'தஸ் தாரீக்' தான். ஒன்றாம் தேதி மட்டும் 'பஹலி தாரீக்'.

தமிழுக்கு ஒரே வகை என்றதும் வேலை சுலபம் என்று தோன்றும். எண் மாறினால் வால் மாறாது, நிஜம். ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் சொல் மாறினால் மாறுகிறதே! அது அந்த விதிக்குள் வராது.

வைத்தியம் ரொம்ப எளிது. வாலைத் தனியாக ஒட்டாமல், தவணைக்கு ஒரு முழு வாக்கியம், கெடு தேதிக்கு ஒரு முழு வாக்கியம் என்று மொழிபெயர்க்கக் கொடுங்கள். மாதத்தின் பெயரையும் சேருங்கள். "ஜூன் 10-ஆம் தேதிக்குள்" என்று இருந்தால் யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

மென்பொருள் எழுதும் நண்பர்களே, வெளியிடுவதற்கு முன் அந்தக் கடிதத்தை ஒருமுறை உங்கள் அம்மாவிடம் படிக்கக் கொடுத்து, "எப்பம்மா கட்டணும்?" என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.